ஓடிப்போன அரசரை மீண்டும் அரியணையில் ஏற்றியது ஏன்? வரேன் இரவு முதல் பிரெஞ்சுக் குடியரசு வரை

பிரெஞ்சுப் புரட்சியைப் பாடமாகப் படித்தவர்களுக்கு இரண்டு தேதிகள் மறக்காது. 1789 ஜூலை 14 இல் பஸ்தி சிறைக்கோட்டை வீழ்ந்தது. 1793 ஜனவரி 21 இல் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது. இடையில் மூன்றரை ஆண்டுகள். அதன் நடுவே, 1791 ஜூன் மாதம், அரசர் குடும்பத்தோடு மாறுவேடத்தில் பாரிசை விட்டுத் தப்பி, வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார். முடியாட்சி ஒழிந்தது அதனால்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் இடிக்கும். பிடிபட்ட மூன்றாம் மாதமே அவரை மறுபடி அரசராக ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகும் ஏறத்தாழ ஓராண்டு அவர் அரியணையில் இருந்தார். தப்பி ஓடியவரை உடனே நீக்காமல் ஏன் வைத்துக்கொண்டார்கள்? வைத்துக்கொண்ட பிறகு ஏன் நீக்கினார்கள்? விடை, குதிரைவண்டித் துரத்தலில் இருப்பதைவிட, போகும்முன் அவர் அரண்மனையில் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு கடிதத்தில்தான் அதிகம் இருக்கிறது.

ஓடுவதற்கு முன் அவர் எந்த வகை அரசர்?

1789 வரை லூயி முழு அதிகாரம் கொண்ட அரசர். சட்டம், வரி, போர், நீதி எல்லாம் அவர் பெயரில் நடந்தன. ஆனால் கருவூலம் காலி. அரசின் செலவில் ஏறத்தாழ பாதி பழைய கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. புதுச்சேரியில் கப்பலேறிப் போன திப்பு சுல்தானின் தூதர்கள் மூவரை, 1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாய் அரண்மனையில் லூயி ஆடம்பரமாக வரவேற்றார். ஆங்கிலேயருக்கு எதிராக அவர்கள் கேட்ட படை உதவி கிடைக்கவில்லை. அடுத்த ஆறாம் நாள் பிரெஞ்சு அரசு தன் கடன்காரர்களுக்குத் தர வேண்டிய பணத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. இந்தப் பண நெருக்கடியால்தான் மக்கள் பிரதிநிதிகளைக் கூட்டும் கட்டாயம் வந்தது. கூடியவர்கள் தங்களைத் தேசியப் பேரவை என்று அறிவித்துக்கொண்டு அரசியலமைப்பு எழுத உட்கார்ந்தார்கள்.

அவர்கள் அரசரை ஒழிக்க நினைக்கவில்லை. 1791 கோடை வரை குடியரசு கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னாளில் தீவிரப் புரட்சித் தலைவரான ரோபஸ்பியர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் கட்ட விரும்பியது அரசியலமைப்பு முடியாட்சி. அதில் அரசரின் இடம் இது:

1. ‘பிரான்சின் அரசர்’ என்ற பட்டம் ‘பிரெஞ்சு மக்களின் அரசர்’ என்று மாறியது. நாடு அவருடைய சொத்து அல்ல, அவர் நாட்டின் முதல் அலுவலர்.

2. செலவுக்கு ஆண்டுக்கு 25 மில்லியன் லிவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) மானியம்.

3. பேரவை நிறைவேற்றுவது சட்டமாக அவர் ஒப்புதல் தர வேண்டும். மறுத்தால் மசோதா நிற்கும். அடுத்து வரும் இரண்டு சட்டமன்றங்களும் அதையே மீண்டும் நிறைவேற்றினால் மட்டுமே அவர் மறுப்பு செல்லாமல் போகும். இதுதான் தற்காலிகத் தடுப்புரிமை, ‘வீட்டோ’. தற்காலிகம் என்று பெயர், நடைமுறையில் சில ஆண்டுகளுக்கு நீளக்கூடியது.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். அரசரிடம் மிஞ்சியது ஒரு கையொப்பம். அவர் மனதார ஒப்புகிறார் என்று நாடு நம்பும்வரைதான் அந்தக் கையொப்பத்துக்கு மதிப்பு.

எது அவரைக் கிளப்பியது?

1789 அக்டோபர் 5, 6 தேதிகளில் ரொட்டி கேட்டுப் புறப்பட்ட பாரிஸ் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்குள் புகுந்து, அரச குடும்பத்தைத் தலைநகரின் துய்லரி அரண்மனைக்கு அழைத்து வந்தனர். அன்றிலிருந்தே லூயி தன்னைக் கைதியாகக் கருதினார். இருந்தும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் நகரவில்லை. மதம்தான் அவரை நகர்த்தியது.

கடனை அடைக்கப் பேரவை திருச்சபையின் நிலங்களை எடுத்துக்கொண்டது. 1790 ஜூலையில் குருமாரை அரசு ஊழியராக்கும் சட்டம் வந்தது. நவம்பரில் அவர்கள் அரசியலமைப்பின் மீது உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற ஆணை. பக்திமானான லூயி அரைமனதோடு ஒப்புதல் தந்தார். 1791 வசந்தத்தில் போப் ஆறாம் பயஸ் அந்தச் சட்டத்தைக் கண்டித்தார். தான் கையெழுத்திட்டது பாவம் என்ற உறுத்தல் அரசருக்கு.

ஏப்ரல் 18 அன்று ஈஸ்டர் வழிபாட்டுக்காக அருகிலிருந்த சேன்குளூ அரண்மனைக்குக் கிளம்பினார். உறுதிமொழி எடுக்காத குருவிடம் அவர் நற்கருணை வாங்கப் போகிறார் என்று கூட்டம் வண்டியை மறித்தது. தேசியக் காவல்படையினர் தங்கள் தளபதி லாஃபாயெத் ஆணையிட்டும் வழி திறக்கவில்லை. நெடுநேரம் வண்டியிலேயே காத்திருந்துவிட்டு அரச குடும்பம் இறங்கி உள்ளே போனது. அரசருக்குத் தன் அரண்மனை வாசலைத் தாண்டும் சுதந்திரம்கூட இல்லை என்பது அன்று ஊருக்கே தெரிந்தது.

திட்டம்: எங்கே, எதற்கு?

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். லூயி வெளிநாட்டுக்கு ஓடவில்லை. இலக்கு மோன்மேதி, பிரான்சின் கிழக்கெல்லைக்குள்ளேயே இருந்த ஒரு கோட்டை நகரம். அந்தப் பகுதிப் படைகளின் தளபதி பூயே அரசருக்கு விசுவாசமானவர். அங்கே படைகளின் நடுவே உட்கார்ந்து, பேரவையோடு தன் நிபந்தனைகளில் பேரம் பேசுவது எண்ணம். ஆனால் எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவின் ஆட்சிப்பகுதி. ஆஸ்திரியப் பேரரசர் லியோபோல்ட், அரசி மரி அன்த்துவானெத்தின் அண்ணன். எல்லையோரக் கோட்டையில் அரசர், மறுகரையில் மைத்துனரின் படை: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதன் பொருள் ஒன்றே ஒன்றுதான். 1791 ஏப்ரலில் இறந்த மிராபோ, உயிரோடிருந்தபோது அரசருக்கு இரகசிய ஆலோசகர். வெளியேறுவதானால் எல்லைப் பக்கம் வேண்டாம், நாட்டின் உட்பகுதிக்குப் போங்கள் என்றே அவர் அறிவுறுத்தியிருந்தார். அதைக் கேட்டிருந்தால் பிற்பாடு எழுந்த ‘தேசத்துரோகம்’ என்ற கூச்சலில் பாதி எழுந்திருக்காது என்பது என் கருத்து.

ஏற்பாடுகளைக் கவனித்தவர் அரசிக்கு நெருக்கமான சுவீடன் நாட்டுக் கோமகன் ஃபெர்சன். ஆறு பேர் பயணம்: அரசர், அரசி, 12 வயது மரி தெரேஸ், 6 வயதுப் பட்டத்து இளவரசர், அரசரின் தங்கை எலிசபெத், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தூர்செல் சீமாட்டி. தூர்செல் ஃபிராங்ஃபர்ட் போகும் ரஷ்யச் சீமாட்டி கோர்ஃப் ஆனார். அரசி குழந்தைகளின் ஆசிரியை, அரசர் ‘துரான்’ என்ற வேலைக்காரர், இளவரசருக்குப் பெண்குழந்தை வேடம். எல்லோரும் ஒரே வண்டியில் போவதென்று பிடிவாதம்; அதற்காகவே பெரியதொரு வண்டி செய்யப்பட்டது.

அதே இரவில் அரசரின் தம்பி புரோவான்ஸ் கோமகனும் தப்பினார். சாதாரண வண்டி, ஒரு நண்பர், ஆங்கிலேயர் வேடம், வேறு பாதை. சிக்கலில்லாமல் பிரசெல்ஸ் சேர்ந்தார். 1814 இல் பதினெட்டாம் லூயியாக அரியணை ஏறியவர் இவர்தான்.

ஏன் பிடிபட்டார்கள்?

ஜூன் 20 இரவு அரண்மனையிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறி, 21 அதிகாலையில் நகர எல்லை கடந்தார்கள். அன்றிரவு சுமார் 11 மணிக்கு வரேனில் மறிக்கப்பட்டார்கள். இலக்குக்கு மிச்சம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அரசரின் உடல்பருமன், உணவுக்கூடை, வழியில் அறுந்த குதிரைச் சேணம் என்று கதைகள் பல உண்டு. தாமதம் உண்மைதான், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஆனால் தாமதம் ஆபத்தானதற்குத் திட்டத்தின் அமைப்பிலேயே காரணங்கள் இருந்தன.

1. அஞ்சல் நிலையங்கள். அக்காலத்தில் நீண்ட பயணம் என்றால் வழியெங்கும் அஞ்சல் நிலையங்களில் குதிரை மாற்ற வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குதிரைக்காரர், நிலைய அதிபர், வேடிக்கை பார்ப்பவர் என்று புதுக் கண்கள். சேன்ட் மெனூ நிலையத்தின் அதிபர் துரூவே முன்பு குதிரைப்படையில் இருந்தவர். அரசியை முன்னரே பார்த்திருந்ததாகவும், அரசரின் முகத்தை அசிஞ்ஞா தாளில் இருந்த படத்தோடு ஒப்பிட்டதாகவும் பின்னர் பேரவையில் சொன்னார். அசிஞ்ஞா என்பது, கைப்பற்றிய திருச்சபை நிலங்களை ஈடாக வைத்து வெளியிட்ட பணத்தாள். அரசரை ஓடத் தூண்டிய அந்த நில விவகாரமே அவர் முகத்தை ஊரெங்கும் அச்சிட்டுக் கொடுத்திருந்தது. (துரூவே பிற்பாடு ஆஸ்திரியரிடம் போர்க்கைதியானார். 1795 இல் அவரும் வேறு சிலரும் விடுதலையானது, அன்று அந்த வண்டியில் இருந்த மரி தெரேஸை மாற்றாகக் கொடுத்துத்தான்.)

2. பாதுகாப்புப் படையே காட்டிக்கொடுத்தது. வழியில் சிறு குதிரைப்படைப் பிரிவுகளை நிறுத்தியிருந்தார் பூயே. காரணமில்லாமல் ஊரில் வந்து நிற்கும் படையைக் கண்டு மக்கள் வரி வசூலுக்கோ அடக்குமுறைக்கோ என்று கொதித்தார்கள். முதல் பிரிவோடு காத்திருந்த ஷுவாசல் கோமகன், வண்டி வராததாலும் ஊரார் திரண்டதாலும் விலகிப் போனார். அரசர் வரமாட்டார் என்று அடுத்த பிரிவுகளுக்குச் செய்தியும் அனுப்பினார். கிளேர்மோனில் வீரர்கள் அதிகாரியின் ஆணையை ஏற்காமல் ஊராரோடு சேர்ந்துகொண்டனர். படையே இல்லாமல் போயிருந்தால் தப்பியிருக்கக்கூடும்.

3. வரேனில் அஞ்சல் நிலையம் இல்லை. அது பெருஞ்சாலையை விட்டு விலகிய ஊர். மாற்றுக் குதிரைகளைத் தனியாக ஏற்பாடு செய்திருந்தார்கள், ஆனால் அவை ஆற்றுக்கு அக்கரையில் ‘மாமன்னர்’ என்ற பெயருள்ள விடுதியில் நின்றன. வண்டி இக்கரையில் நின்று இருட்டில் தேடிக்கொண்டிருந்தது. அதற்குள் குறுக்கு வழியில் வந்த துரூவேயும் தோழர்களும் பாலத்தை மரச்சாமான் ஏற்றிய வண்டியால் அடைத்தார்கள்.

4. ஊராட்சியும் காவல்படையும். 1789 க்குப் பிறகு சிற்றூர்களிலும் தேர்ந்தெடுத்த ஊராட்சி, ஆயுதம் தரித்த தேசியக் காவல்படை இரண்டும் இருந்தன. அபாயமணி அடித்தால் சுற்றுவட்டாரம் திரளும். வரேனில் பயண அனுமதிச் சீட்டைச் சோதித்தவர் ஊராட்சி அலுவலர் சோஸ், தொழிலால் மளிகைக் கடைக்காரர். சீட்டில் குறை தெரியவில்லை. ஆனால் அரசரின் கையொப்பம் இருக்கிறது, பேரவைத் தலைவருடையது இல்லையே என்று துரூவே வாதிட்டார். சட்டப்படி அந்த வாதம் நிற்காது. அரசியல் படி அன்றைய பிரான்சின் நிலையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

சோஸின் வீட்டு மாடியில் இரவு கழிந்தது. வெர்சாயில் அரசரை நேரில் பார்த்திருந்த உள்ளூர் நீதிபதி ஒருவரைக் கூட்டிவந்தார்கள்; அவர் மண்டியிட்டதும் வேடம் கலைந்தது. விடியற்காலையில் பேரவையின் ஆணையோடு பாரிசிலிருந்து தூதர்கள் வந்தனர். பூயே படையோடு வந்து சேர்ந்தபோது வண்டி பாரிஸ் பக்கம் திரும்பிப் போயிருந்தது. திரும்பும் பயணம் நான்கு நாள். ஜூன் 25 அன்று பாரிஸ் மக்கள் தொப்பியைக் கழற்றாமல், வாழ்த்தாமல், வையாமல் நின்று பார்த்தார்கள். கைதட்டினால் அடி, அவமதித்தால் தூக்கு என்று முன்னரே அறிவித்திருந்தார்கள்.

மேசையில் விட்டுப்போன கடிதம்

ஓடியது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். ‘உயிருக்குப் பயந்தார்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் லூயி தன் கைப்பட ஒரு நீண்ட அறிக்கை எழுதி, பேரவையிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அதில் சின்னக் குறைகளும் பெரிய குறைகளும் கலந்திருந்தன: துய்லரியில் வசதிக்குறைவு, மானியம் போதாமை, நியமன அதிகாரம் பறிபோனது, அரசியல் கழகங்களின் ஆதிக்கம். உண்மையான வெடிகுண்டு வேறொரு வரி. 1789 அக்டோபருக்குப் பிறகு சிறைப்பட்ட நிலையில் தான் ஒப்புதல் தந்த எல்லாவற்றையும் மறுக்கிறேன் என்றார்.

விளைவை நினைத்துப் பாருங்கள். புதிய ஆட்சிமுறை நின்றது அரசரின் மனமொப்பிய கையொப்பத்தின் மேல். அவையெல்லாம் மனமொப்பாமல் போட்டவை என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அவர் எதில் கையெழுத்திட்டாலும் அது உண்மையா என்ற ஐயம் கூடவே வரும்.

பேரவை இதற்கு என்ன செய்தது? முதலில், அரசர் ஒப்புதல் இல்லாமலே தன் ஆணைகள் சட்டமாகும் என்று அறிவித்தது. பின்னர் அவரை அதிகாரத்திலிருந்து தற்காலிகமாக விலக்கியது. ஜூன் 21 முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ மூன்று மாதம், பிரான்ஸ் செயல்படும் அரசர் இல்லாமல் இயங்கியது. வரி வந்தது, நீதிமன்றம் நடந்தது, வானம் இடிந்து விழவில்லை. குடியரசுக்கு இதைவிட வலுவான பிரச்சாரம் யாரும் செய்திருக்க முடியாது.

இரண்டாவதாகப் பேரவை ஒரு பொய்யைச் சொன்னது: அரசர் ஓடவில்லை, *கடத்தப்பட்டார்*. அரசரே எழுதிய கடிதம் கையிலிருக்கும்போது.

அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது?

1. அரசியலமைப்பு எழுதி முடியும் தறுவாயில் இருந்தது. அது முழுக்க அரசர் ஒருவரை வைத்துக் கட்டியது. அவரை நீக்கினால் முதலிலிருந்து எழுத வேண்டும்.

2. மாற்று ஆள் இல்லை. வாரிசுக்கு 6 வயது. அரசரின் தம்பிகள் இருவரும் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். உறவினர் ஓர்லியான் கோமகனை நம்புவோர் குறைவு.

3. நீக்கினால் ஆஸ்திரியா படையெடுக்கலாம் என்ற அச்சம்.

4. சொத்துள்ளவர்களின் பயம். வரேனிலிருந்து அரசரை அழைத்துவர அனுப்பிய மூவரில் ஒருவரான பார்னாவ் ஜூலை 15 அன்று பேரவையில் கேட்ட கேள்வி இதுதான்: புரட்சியை முடிக்கப் போகிறோமா, மறுபடி தொடங்கப் போகிறோமா? இன்னொரு அடி வைத்தால் தனிச்சொத்துக்கே ஆபத்து என்பது அவர் வாதம்.

நான்காவதுதான் முதன்மையானது என்று நினைக்கிறேன். அடுத்து நடந்ததும் அதைத்தான் காட்டுகிறது. ஜூலை 17 அன்று ஷாம் த மார்ஸ் திடலில் அரசரை ஏற்க மறுக்கும் மனுவில் கையெழுத்திட மக்கள் கூடினார்கள். லாஃபாயெத்தின் காவல்படை சுட்டது, பலர் இறந்தனர். அரசரைக் காப்பாற்ற, புரட்சியின் படை புரட்சியின் மக்களைச் சுட்ட முதல் நாள் அது. முந்தைய நாளே, புரட்சியாளரின் முதன்மை அரசியல் கழகமான ஜாக்கோபின் கழகம் இரண்டாக உடைந்திருந்தது.

செப்டம்பரில் லூயி அரசியலமைப்பை ஏற்று உறுதிமொழி எடுத்தார். எல்லோருக்கும் பொதுமன்னிப்பு.

கையொப்பம் செல்லாமல் போன ஓராண்டு

1791 நவம்பரில், வெளிநாட்டுக்கு ஓடிய பிரபுக்கள் திரும்பாவிட்டால் தண்டனை என்று புதிய சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. லூயி வீட்டோ செய்தார். உறுதிமொழி எடுக்காத குருமார் மீதான ஆணைக்கும் வீட்டோ. அரசியலமைப்பு அவருக்குத் தந்த உரிமைதான் இது, வரம்பு மீறல் எதுவும் இல்லை. ஆனால் ஒருமுறை ஓடியவர் ஓடியவர்களைக் காப்பாற்றுகிறார் என்றே மக்கள் படித்தார்கள்.

1792 ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரியா மீது போர் அறிவிக்கப்பட்டதும் இந்த ஐயம் கொலைவெறியானது. ஐயம் வீணும் அல்ல. அதற்கு முந்தைய மாதமே மரி அன்த்துவானெத் பிரெஞ்சுப் படைத்திட்டத்தை ஆஸ்திரியர் பக்கம் தெரிவித்திருந்தார். மக்களிடம் சான்று இல்லை. வரேன் நினைவு இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. தலைநகரைக் காக்க 20,000 தன்னார்வலர் முகாம் அமைக்கும் ஆணையை அரசர் தடுத்தபோது, ஜூன் 20 அன்று, ஓடிய நாளின் முதலாண்டு நிறைவில், கூட்டம் துய்லரிக்குள் நுழைந்தது. லூயி புரட்சியின் சின்னமான சிவப்புத் தொப்பி அணிந்தார், நாட்டை வாழ்த்திக் குடித்தார், வீட்டோவை மட்டும் விலக்கவில்லை. துணிச்சலான நடத்தைதான்.

பிறகு எதிரிப் படைத்தலைவர் பிரன்ஸ்விக் கோமகனின் அறிக்கை வந்தது: அரச குடும்பத்துக்கு ஏதும் நேர்ந்தால் பாரிசைப் பழிவாங்குவோம். அரசர் யார் பக்கம் என்ற கேள்விக்கு எதிரியே விடை சொன்னது போலாயிற்று. ஆகஸ்ட் 3 அன்று அரசரை நீக்கக் கோரும் மனுவைச் சட்டமன்றத்தில் வைத்தவர் பாரிஸ் மேயர் பெத்தியோன். வரேனிலிருந்து திரும்பிய வண்டியில் அரச குடும்பத்தோடு உட்கார்ந்து வந்தவர். ஆகஸ்ட் 10 அன்று துய்லரி தாக்கப்பட்டது. அரசர் குடும்பத்தோடு சட்டமன்றத்தில் தஞ்சம் புகுந்தார். அரண்மனையைக் காத்த சுவிஸ் காவலர் சுமார் 600 பேர் மடிந்தனர். செப்டம்பர் 21 அன்று, கன்வென்ஷன் எனப்பட்ட புதிய அவை முடியாட்சியை ஒழித்தது.

வழக்கில் எழுந்த சட்டச் சிக்கல்

வரேனுக்குப் பிறகு எழுதி முடித்த 1791 அரசியலமைப்பில் இதைத் தொட்ட மூன்று விதிகள் இருந்தன. அரசர் நாட்டைவிட்டுப் போய், அழைத்தும் குறித்த காலத்துக்குள் திரும்பாவிட்டால் பதவி துறந்தவராகக் கருதப்படுவார். நாட்டுக்கு எதிராகப் படை நடத்தினாலும் அப்படியே. பதவி துறந்த பிறகு செய்யும் செயல்களுக்கு மட்டும் சாதாரணக் குடிமகன் போல அவர்மீது வழக்குத் தொடரலாம். அதாவது அரசராக இருந்தபோது செய்தவற்றுக்குப் பதவியிழப்பே உச்சத் தண்டனை. அவருடைய உடல் ‘மீற முடியாதது, புனிதமானது’.

1792 டிசம்பரில் குற்றப்பட்டியல் வாசிக்கப்பட்டபோது வரேன் பயணமும் அதில் இருந்தது. அரசரின் வழக்கறிஞர் த சேஸ் இந்த விதிகளைக் காட்டியே வாதாடினார். சட்ட எழுத்தின்படி அவர் சொன்னது சரி. இளம் உறுப்பினர் சேன்ஜுஸ்ட் ஏற்கெனவே வேறு வழியில் பதில் வைத்திருந்தார்: லூயியைக் குடிமகனாக அல்ல, எதிரியாக விசாரிக்க வேண்டும். அரசியலமைப்பு என்ற ஒப்பந்தத்தை உள்ளூர ஏற்காமலே கையெழுத்திட்டவர் அதன் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்பதே அவையில் பலர் தத்தம் மொழியில் சொன்ன வாதம். துய்லரியில் ஓர் இரும்புப் பெட்டகத்தில் கிடைத்த இரகசியக் கடிதங்கள் இதற்கு வலுச்சேர்த்தன.

குற்றவாளி என்பதில் அவையில் கருத்து வேறுபாடு ஏறக்குறைய இல்லை. மரணதண்டனை வாக்கெடுப்பில்தான் பிளவு: 387 பேர் ஆதரவு, 334 பேர் எதிர்ப்பு அல்லது வேறு தண்டனை. ஆதரித்தவர்களில் 26 பேர் ஒத்திவைப்பைப் பரிசீலிக்கும்படி கேட்டிருந்தார்கள். கன்வென்ஷன் உறுப்பினராகியிருந்த துரூவே மரணத்துக்கு வாக்களித்தார். தண்டனையை ஒத்திவைக்கலாமா என்ற கடைசி வாக்கெடுப்பில் 310 பேர் சம்மதிக்க, 380 பேர் மறுத்தார்கள்.